சுண்ணமும் பெயரும்: புனித ஆண்ட்ரூ ஆலயம்

1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1862இல் திருநிலைப்படுத்தப்பெற்று, 1870இல் பேராலயமான சிங்கப்பூர்ப் புனித ஆண்ட்ரூ ஆலயத்தைக் கர்னல் ரொனால்டு மெக்பர்சனின் கோதிக் படைப்பாக அறிமுகம் செய்வது வழக்கம். இது பாதி உண்மையே. வரைபடம் அவருடையது; கட்டியெழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீரிற் குழைத்துப் பூசி, படிகக் கல்லால் தேய்த்து மெருகூட்டிய சென்னைச் சுண்ணம் அவர்தம் கைவண்ணம். ஆங்கிலேயரும் அதனைச் 'சுனாம்' என்றே வழங்கினர்.

கீழ்த்திசைச் சாளரங்களின் வண்ணக் கண்ணாடிகள் ராபிள்ஸ், கிராபர்ட், பட்டர்வொர்த் ஆகிய ஆட்சியாளரை நினைவுகூர்கின்றன. கைதிகளுக்கு அங்குச் சாளரம் இல்லை, சுவரே உண்டு. ஆகவே, இவ்வாலயத்தை ஆராய்வோர் பாணியோடு பூச்சையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். நம் மாணவர்க்கு அச்சுவரும் ஒரு பாடமே.