நாண் ஊன்றும் இடம்

துப்பாக்கியில் குறிபார்க்க முன்னும் பின்னும் ஏதாவது இருக்கும். முனைகள் வெளிப்புறம் வளைந்த ரிகர்வ் வில்லில் பின்பக்க வேலையை வில்லாளியின் முகமே செய்தாக வேண்டும். இழுத்த கை முகத்தில் வந்து ஊன்றும் அந்த இடம்தான் ஆங்கர். அது எங்கே என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன.

பழைய போர்மரபுக்குக் காதுதான் எல்லை. தம் காலத்துக் குதிரை வில்லாளர்கள் நாணைக் காதுவரை இழுத்தார்கள், ஹோமரின் வீரர்களோ மார்போடு நிறுத்திக்கொண்டார்கள் என்று 6ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் பெருமையாக எழுதினார். 1545இல் இங்கிலாந்தின் ரோஜர் ஆஸ்கமும் காதின் பக்கமே நின்றார். நம் காவிய வீரர்களும் அப்படித்தான். கவசம் துளைக்க நீண்ட இழுவை வேண்டும், நியாயம்தான். ஆனால் காதோரம் போன அம்பு கண்ணின் நேர்கோட்டை விட்டு விலகிவிடுகிறது.

இதை மாற்றியவர் ஆங்கிலேய வில்லாளி ஹோரஸ் ஃபோர்டு. அம்பு முழுவதும் குறிபார்க்கும் கண்ணுக்கு நேர் கீழே கிடக்க வேண்டும் என்று 1856இல் எழுதினார். மறு ஆண்டு செல்டன்ஹாமில் இரட்டை யார்க் சுற்று என்ற போட்டிமுறையில் 1251 புள்ளி எடுத்தார். அதற்குமேல் வாதம் எதற்கு! ஜப்பானிய வில்வித்தையான கியூடோவோ இதைப் பொருட்படுத்தவில்லை. அம்பு கன்னத்தில் உரசி நிற்க, நாண் காதையும் தாண்டிப் போகிறது.

ஒலிம்பிக் ரிகர்வில் கை தாடைக்கு அடியில் ஒட்ட, நாண் மோவாயையும் மூக்கு நுனியையும் தொடும். அம்பின் வால் 1 மி.மீ. ஏறி இறங்கினால் 70 மீட்டரில் சுமார் 10 செ.மீ. வித்தியாசம், நடுவில் பட வேண்டியது 9 புள்ளி வளையத்துக்குப் போய்விடும். போதிய அளவு இழுத்ததும் ஒலிக்கும் கிளிக்கர் தகடு இழுவையின் நீளத்தைச் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. எனவே ஊன்றுவது எலும்பில் இருக்கட்டும். சதை நழுவும். பல் கடித்திருப்பதும் முக்கியம். வாய் திறந்தால் தாடை இறங்கும், கூடவே கையும் இறங்கும்.

துணைக்கருவி இல்லாத பேர்போ வகையில் குறிபார்க்கும் சைட் இல்லை, உதட்டால் தொட்டு உணர நாணில் வைக்கும் குறியும் கூடாது. அம்பு முனையை வைத்தே குறிபார்ப்பதால் ஆங்கர் வாயோரத்துக்கோ கன்ன எலும்புக்கோ ஏறுகிறது. தூரத்துக்கேற்ப முகத்தில் இடம் மாற்றுகிறவர்கள் உண்டு, விதியும் தடுக்கவில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கரை அசைக்காமல் விரல்களை நாணில் கீழே இறக்கும் ஸ்ட்ரிங் வாக்கிங்கே மேல். அதற்கும் விலை உண்டு: விரல் இறங்க இறங்க வில்லின் மேல், கீழ்ப் பகுதிகளுக்கிடையே சுமை மாறும். 50 மீட்டருக்குச் சீராக்கிய வில் பக்கத்து இலக்கில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.