சாரல் காற்றிலிருந்து பேச்சை மீட்கும் டீப்ஃபில்டர்நெட்

சாரல் சீசனில் மலையடிவார ஊரான கடையத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்களின் பேச்சைப் போனில் பதிவு செய்தால், மலைக்காற்றும் பஸ் ஹார்னும் பம்புசெட்டும் கூடவே பதிவாகிவிடும். ஊர் நினைவுகளைச் சேகரிக்கிறவர்களுக்கு இது தீராத தொல்லை. அதற்காகத்தான் டீப்ஃபில்டர்நெட்டைப் பயன்படுத்திப் பார்த்தேன். ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இலவச மென்பொருள் இது.

ஒலித் தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்க, இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டை நாமே தேர்ந்து காட்ட வேண்டும். ஒரே சீராக ஓடும் ஃபேனுக்கு அது போதும். வீச்சு மாறிக்கொண்டே இருக்கும் காற்றுக்குப் போதாது. டீப்ஃபில்டர்நெட் பின்பற்றும் ஆழ்கற்றல் முறை வேறு. தெளிவான பேச்சில் விதவிதமான இரைச்சலைக் கலந்து கொடுத்து, பேச்சை மட்டும் மீட்க நரம்பு வலையமைப்பைப் பழக்குகிறார்கள். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மென்பொருளான ஆர்என்நாய்ஸ் ஒலியை அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு தணிப்பது என்று முடிவு செய்கிறது. டீப்ஃபில்டர்நெட் அப்படி 32 பட்டைகளில் தணித்துவிட்டு, சுமார் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை இரண்டாம் கட்டமாக நுணுக்கமாகச் சீர்செய்கிறது. குரலின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பழைய லேப்டாப்பிலேயே ஓடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். நேரடியாக ஓடும் கோப்பை இறக்கினால், பதிவை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக மாற்றித் தர வேண்டும். பம்புசெட் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது, ஹார்னும் பெரும்பாலும் அடங்கியது. ஆனால் ஒரு பாட்டி தணிந்த குரலில் "மழ வந்துச்சு" என்று முடித்த இடத்தில் கடைசி "சு" காணோம். அந்த மெல்லிய சீறலையும் மென்பொருள் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தணிப்பு வரம்பை 12 டெசிபலாகக் குறைத்ததும் "சு" திரும்பி வந்தது, கொஞ்சம் காற்றோடு. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. திண்ணையில் பேசியது திண்ணையில் பேசியது போலவே கேட்க வேண்டும்.

காற்று நேராக மைக்கில் அறைந்து ஒலி வெட்டுப்பட்டால் எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. முதலில் மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை வாங்குங்கள். அதேபோல, குற்றால அருவிக்குப் பக்கத்தில் அதன் இரைச்சலோடு எடுத்த பேட்டியிலும் பாதிச் சொற்கள் தேறவில்லை.

வீட்டுப் பேட்டிகளுக்கு இதைத் தாராளமாக நம்பலாம். மூலப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். நாளை இதைவிட நல்ல கருவி வரும்போது அதுதான் தேவைப்படும்.