கூடல் இழைத்தலும் மண்டலம் வரைதலும்

வட்டம் ஒன்றை வரைந்து அதன் வாயிலாகத் தன் நெஞ்சத்தைத் தானே அறிய முயல்வது மேனாட்டார் கண்ட புதுக்கலை என்று இன்று பலர் கருதுகின்றனர். ‘மண்டலம்’ என்னும் பெயரோடு அச்சிட்ட வட்டச் சித்திரங்கள் புத்தகக் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றிற்கு வண்ணம் தீட்டினால் மனம் அமைதியுறும் என்பர் ஒரு சாரார். தீட்டிய வண்ணத்தைக் கண்டே தீட்டியவரின் மனத்துயரை எடுத்துரைக்கலாம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஒன்றல்ல. முன்னது ஒரு செயலின் பயனைப் பற்றியது. பின்னது ஒரு குறியின் பொருளைப் பற்றியது. குறிக்குப் பொருள் காண்பது உரைகாரர் தொழில். ஆதலின், இதில் தமிழாசிரியர்க்குச் சொல்லத்தக்கது உண்டு, பொறுப்பும் உண்டு.

பொறுப்பு யாதெனின், சுங்கை பஞ்சாங், கோலசிலாங்கூர் முதலிய வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்த்தல் போதும். ஆசிரியர் வட்டத் தாள்களைக் கொடுக்கிறார். ஒரு பிள்ளை வட்டம் முழுவதையும் கறுப்பாக்கித் தருகிறது. கறுப்பு துயரத்தின் நிறம் என்று ஏதோ ஒரு பட்டியல் சொல்கிறது. ஆசிரியர் அதை நம்பி, ‘இப்பிள்ளை மனம் நொந்த பிள்ளை’ என்று எழுதி வைத்துவிடுகிறார். வண்ணப் பெட்டியில் கறுப்புக் கோல் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது என்பதை அவர் கேட்கவில்லை. அப்பெயர் அப்பிள்ளையோடு அடுத்த வகுப்பிற்கும் செல்லும். ஒரு பாட்டிற்குப் பிழையுரை எழுதினால் பாட்டிற்குக் கேடில்லை, பின்வருவோர் திருத்திக்கொள்வர். பிள்ளைக்குப் பிழையுரை எழுதினால் திருத்துவார் யார்?

சொல்லின் வரலாறு

மண்டலம் என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. வட்டத்தையும் ஞாயிறு திங்கள் என்பவற்றையும் ‘மண்டிலம்’ என்றே சங்கச் சான்றோர் வழங்கினர். யாப்பிலும் நிலைமண்டிலம், அடிமறி மண்டிலம் என ஆசிரியப்பாவின் வகைகள் உண்டு. அடிமறி மண்டிலத்தில் எவ்வடியை முதலாகக் கொண்டாலும் பொருள் கெடாது. வட்டத்திற்குத் தொடக்கமும் முடிவும் இல்லாமை போன்றது அது. திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் சாம்பவி மண்டலச் சக்கரம் முதலிய பல சக்கரங்களைக் கூறுகிறது. சித்த மருத்துவத்திலோ மண்டலம் என்பது மருந்துண்ணும் கால அளவு. பெரும்பாலும் 48 நாள். வட்டமும் வழிபாடும் மருந்தும் ஒரே சொல்லில் தமிழில் முன்னரே கூடியிருந்தன.

ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதற்பத்தில் தை மாதம் முழுவதும் தரையைத் தூய்மை செய்து மண்டலம் இட்டதாகக் கூறுகிறாள். ஆனால், அந்த மண்டலம் தன் மனத்தைத் தான் ஆராய்வதற்காக இட்டதன்று. காமதேவனை வேண்டி நோன்பு நோற்பதற்காக இட்டது. தன் நிலையை அறிவதற்கென்று அவள் இழைத்த வட்டம் வேறு. அதன் பெயர் கூடல்.

மூன்று பெண்கள்

தலைவனைப் பிரிந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் வட்டம் இழைப்பாள். தொடங்கிய இடத்தில் முடிவும் வந்து பொருந்தினால் அவன் வருவான், பொருந்தாவிடின் வாரான். வட்டத்திற்குள் சுழிகள் பல இட்டு, இரண்டிரண்டாக எண்ணி, இரட்டைப்பட்டால் கூடுதல் என்றும் ஒற்றைப்பட்டால் கூடாமை என்றும் கொள்வது மற்றொரு முறை. இதுவே கூடல் இழைத்தல். வட்டத்தைக் கேட்டு விடை பெறும் வழக்கம் தமிழில் எவ்வளவு பழமையானது என்பதற்கு இதுவே சான்று. ஆயினும், புலவர் இதனை எவ்வாறு கையாண்டனர் என்பதே உற்று நோக்கத்தக்கது.

முதற்பெண் நெய்தற்கலியில் வருகிறாள். நல்லந்துவனார் படைத்த அத்தலைவி இழைத்த கூடல் முனை பொருந்தாமல் பிறைபோல் நின்றுவிடுகிறது. அவளோ அதனைப் பிறைத்திங்கள் என்றே மயங்கி ஆடையால் மூடி அகப்படுத்த எண்ணுகிறாள். பின்னர், தான் சூடிய பிறையைக் காணாமல் சிவபெருமான் தேடி அலைவானோ என்று இரங்குகிறாள். குறிநூலைக் கையிற்கொண்டு பார்ப்பவன், ‘முனை பொருந்தவில்லை, ஆகவே தலைவன் வாரான்’ என்று கூறி எழுந்து போவான். புலவன் காட்டுவது அதுவன்று. தன் துயரின் நடுவிலும் பிறிதொருவன் பொருளை இழந்து வருந்துவானே என்று எண்ணும் நெஞ்சத்தை அவன் காட்டுகிறான். அந்த நெஞ்சம் மணலில் எழுதிய கோட்டில் இல்லை. கோட்டைக் கண்டபின் அவள் பேசிய பேச்சில் இருக்கிறது.

இரண்டாமவள் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் நான்காம் பத்து முழுவதும் கூடற்பாட்டு. பாட்டுக்குப் பாட்டுத் திருமாலின் செயல்களைச் சொல்லி, அவன் வருவானாயின் நீ கூடுக என்று கூடலையே அழைத்து வேண்டுகிறாள். வட்டம் கூடிற்றா, இல்லையா? அதனை அவள் சொல்லவே இல்லை. விடை எதுவாயினும் வேட்கை குறையாது என்பதே அப்பத்தின் உட்பொருள். கூடலின் முடிவைத் தேடிப் படிப்பவர்க்கு அங்கு ஒன்றும் கிடைக்காது. கூடலை அழைக்கும் குரலைக் கேட்பவர்க்கு எல்லாம் கிடைக்கும்.

மூன்றாம் பெண் முத்தொள்ளாயிரத்தில் இருக்கிறாள். கூடல் நகர்க்கு இறைவனாகிய பாண்டியன்மேல் காதல் கொண்ட அவள், அவனைக் கூடப்பெறுவேனாயின் கூடுக என்று கூடல் இழைக்கத் தொடங்குகிறாள். தொடங்குவதுபோல் காட்டுகிறாளே தவிர இழைக்கவில்லை. வட்டம் பிழைத்துவிட்டால் அதனைத் தாங்க வேண்டுமே என்னும் அச்சம் அவள் விரலைத் தடுத்துவிடுகிறது. இங்கே மணலில் வட்டமே இல்லை. படிப்பதற்குக் கோடு ஒன்றும் இல்லை. எனினும், மூவருள்ளும் மனம் மிகத் தெளிவாக வெளிப்படுவது இவளிடத்தில்தான். வரைந்ததைக்காட்டிலும் வரையாமல் விட்டது மிகுதியாகப் பேசுகிறது. அச்சிட்ட பட்டியல் எதுவும் இதனைப் படித்தறிய இயலாது.

யுங் கண்ட வட்டம்

இனி, மேனாட்டு மண்டலக் கலைக்கு வித்திட்ட கார்ல் குஸ்தாவ் யுங் என்னும் சுவிட்சர்லாந்து உளநூலறிஞரை நோக்குவோம். அவர் தம் முதல் மண்டலத்தை 1916-ஆம் ஆண்டில் வரைந்தார். 1918-19 ஆண்டுகளில், முதல் உலகப் போரின்போது சுவிட்சர்லாந்தில் தங்கவைக்கப்பட்டிருந்த ஆங்கிலப் படையினரின் முகாமுக்குத் தலைவராக ஷாத்தோ தே என்னும் ஊரில் இருந்தார். அப்போது காலைதோறும் ஒரு குறிப்பேட்டில் சிறு வட்டச் சித்திரம் ஒன்றை வரைந்து வந்தார். அவ்வப்போதைய தம் மனநிலை அவ்வட்டங்களில் தெரிவதாகக் கண்டார். சீனத் தியான நூல் ஒன்றை ரிச்சர்டு வில்கெல்ம் மொழிபெயர்க்க, யுங் விளக்கம் எழுத, 1929-இல் இருவரும் அதனை வெளியிட்டனர். அதன் பின்னரே மண்டலம் என்னும் சொல் உளநூலில் பரவலாயிற்று.

அந்நாளில் நிகழ்ந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். அறிந்த பெண்மணி ஒருத்தியிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய உள்ளத்துக் கற்பனைகள் கலைப்படைப்புகளே என்று அவள் மீண்டும் வற்புறுத்தியிருந்தாள். கடிதம் அவருக்கு எரிச்சலை மூட்டியது. மறுநாள் அவர் வரைந்த வட்டத்தில் ஒரு பக்கம் உடைந்து, ஒழுங்கு குலைந்திருந்தது.

கூடாத கூடலைப் போன்ற இந்த உடைந்த வட்டத்தை யுங் எவ்வாறு படித்தார்? உடைந்த வட்டத்திற்கு இன்ன பொருள் என்னும் விதியைக் கொண்டு படிக்கவில்லை. முதல் நாள் வந்த கடிதத்தைக் கொண்டு படித்தார். வரைந்தவரும் அவரே, கடிதம் பெற்றவரும் அவரே, ஆகவே பொருள் காண முடிந்தது. கடிதத்தை அறியாத ஒருவர் கையில் அச்சித்திரத்தைக் கொடுத்திருந்தால், அவர் சொல்லும் பொருள் வெறும் ஊகமாகவே முடிந்திருக்கும். யுங்கின் பெயரைச் சொல்லி வண்ணப் பட்டியல் வைத்துப் படிப்போர் அவருடைய இந்த நெறியைக் கைவிட்டுவிட்டனர் என்றே சொல்லுதல் வேண்டும்.

வண்ணம் தீட்டுவதன் பயன் வேறு. அதனை மறுக்க வேண்டுவதில்லை. 2005-இல் கரி, காசர் என்னும் இருவர் அமெரிக்காவில் 84 மாணவரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். முதலில் அச்சம் தந்த நிகழ்ச்சி ஒன்றை எழுதச் செய்து, பின்னர் வண்ணம் தீட்டச் செய்தனர். மண்டலத் தாளில் தீட்டியவர்க்கும் கட்டம்போட்ட தாளில் தீட்டியவர்க்கும் பதற்றம் ஏறத்தாழ ஒரே அளவில் தணிந்தது. வெறுந்தாளில் விரும்பியவாறு தீட்டியவர்க்கு அவ்வாறு தணியவில்லை. 2012-இல் வேறிருவர் செய்த ஆய்வில் மண்டலத் தாள் கட்டத் தாளினும் மேம்பட்டது. இவ்விரு ஆய்வுகளிலிருந்தும் தெரிவது, ஒழுங்குடைய ஒரு வடிவத்தில் கையும் கண்ணும் ஈடுபட்டால் பதற்றம் தணியக்கூடும் என்பதே. தீட்டிய நிறத்தால் தீட்டியவரின் மனத்தை அறியலாம் என்பதை இவ்வாய்வுகள் ஆராயவே இல்லை.

வேலனும் தோழியும்

குறி பார்த்து மன நோயைக் கூறும் முயற்சியைச் சங்கப் புலவர் நன்கறிவர். தலைவி காதலால் மெலிகிறாள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைக்கிறாள், வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு இட்டுப் பார்த்து, இது முருகனால் வந்த நோய் என்கிறான். கழங்கு பொய்க்கவில்லை, கழங்குக்குக் கண்ட பொருள் பொய்த்தது. அருகில் நிற்கும் தோழி உண்மையை அறிவாள். நற்றிணையில் ஒரு தோழி, தன்னால் வந்த நோயன்று என்று தெரிந்தும் வெறியாடும் களத்திற்கு வந்த முருகனையே அறியாமை உடையவன் என்று இடித்துரைக்கிறாள்.

நோயாளி ஒருத்தி, அவளைப் படிப்பவர் இருவர். வேலன் பொருளைப் பார்க்கிறான். தோழி ஆளைப் பார்க்கிறாள். வேலனிடம் விடை முன்னரே இருக்கிறது. தோழியிடம் கேள்வி இருக்கிறது. அகப்பாட்டிற்குப் பொருள் காண்போர் இது யார் கூற்று, யாரை நோக்கிக் கூறியது, எத்துறை என்று வினவிய பிறகே உள்ளுறைக்குச் செல்வது இதனால்தான். கூற்றும் துறையும் அறியாமல் உள்ளுறை காண்பது வேலன் வேலை.

வாசற்கோலம்

தோட்டத்து லயங்களில் இந்தத் தோழிமுறை நாள்தோறும் நடந்து வந்தது. விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிட்ட பின்னரே பெண்கள் வேலைக்குப் புறப்படுவர். சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரவேண்டும்; அதுவும் ஒரு வகையில் நாள்தோறும் கூட்டிப் பார்க்கும் கூடலே. கோலத்தின் வளைவைக் கண்டு இவள் மனம் இப்படி என்று யாரும் உரை கூறியதில்லை. ஆனால், ஒரு வாசலில் கோலம் இல்லையென்றால் அடுத்த வீட்டுக்காரி சும்மா போகமாட்டாள். “என்னக்கா, இன்னிக்கு வாசல்ல கோலத்தைக் காணோம்? ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவாள். துக்க வீட்டில் கோலமிடுவதில்லை என்பதை அறிந்தவளாதலின், அந்த வெறும் வாசல் அவளை அழைத்துவிடும். கோலத்தால் மனப்புண் ஆறியதுண்டாயின், அக்கேள்வியால் ஆறியது பாதி.

லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்க்கு முற்றம் இல்லை. ஒட்டுக்கோலம் என்றும் வாசலில் ஒட்டியபடியே இருக்கிறது. ஆகவே, அது இல்லாமற்போய் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. அச்சிட்ட வட்டத் தாள் பிள்ளைகளின் கைக்கு வருவது இந்த வெற்றிடத்தில்தான். வரட்டும், கைக்கு வேலையும் மனத்திற்கு ஓய்வும் தருமாயின் அதனைத் தடுப்பானேன்? ஆனால், தாளோடு பட்டியலும் சேர்ந்து வந்தால் பட்டியலை ஒதுக்கிவிடுவதே நலம்.

பிள்ளை வட்டத்தை முடித்துத் தரலாம்; முடிக்காமலும் தரலாம்; முத்தொள்ளாயிரத்துப் பெண்போல வரைவதாகக் காட்டி வரையாமலே இருந்துவிடலாம். எதுவாயினும், ஆசிரியர் அருகில் அமர்ந்து, “இதைப் பற்றிச் சொல்லம்மா” என்று கேட்டால் போதும். அவள் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆழ்ந்த துயரம் தெரியுமாயின், பயின்ற மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் அனுப்புவது கடமை. தாளின் நிறத்தைக் கண்டு தீர்ப்பு எழுதுவது மட்டும் கூடாது. வகுப்பறைக்கு வேண்டுவது கழங்கு உருட்டும் வேலன் அல்லன். அருகில் நின்று கேட்கும் தோழியே.