மண்ணும் தூரிகையும்: கல்முனைக் கரையின் கலைக்கல்வி

கண்ணாற் கண்டதைக் கையால் எழுதப் பயிற்றுவது ஓவியம். கருத்திற் கொண்ட வடிவைக் கையால் வனையப் பயிற்றுவது மட்கலக் கலை. இரண்டும் ஒரே கல்வியின் இரு கூறுகளாம். இவற்றைப் பிரித்தமையால் இரண்டும் மெலிந்தன. அம்மெலிவு கல்முனையை அடுத்த முஸ்லிம் ஊர்களின் மாணவரை எவ்வாறு தாக்குகின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இலங்கைப் பாடசாலைகளிற் சித்திரக் கல்விக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் முதன்மையானவர், சித்திரத் தலைமைப் பரிசோதகராய் இருந்த சி. எவ். வின்சர். அவர் பெயரால் 1938 இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை ஓர் ஓவியக் கழகம் நிறுவினார். அம்மரபு தூரிகையைப் போற்றியது, மண்ணைத் தொடவில்லை. இன்றும் க. பொ. த. சாதாரண தரத்திற் சித்திரம் விருப்பப் பாடமே. சீகிரியா, அஜந்தா முதலியவற்றின் வரலாற்றை நெட்டுருச் செய்வதும், குறித்த நேரத்திற் படம் தீட்டி முடிப்பதும் புள்ளிக்கு வழியாயின.

மண்ணைத் தொட்ட திட்டமும் ஒன்று உண்டு. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, உள்ளூர்த் தொழில்களை வகுப்பறைக்குக் கொணர்ந்தது. ஆயின் அது தொழிலைத் தொழிலாகவே கண்டது. அதனுள் உறையும் அழகைக் கலையாகக் காணவில்லை. ‘எம் பிள்ளை குயவனாவதோ?’ எனப் பெற்றோர் ஐயுற்றமை வியப்பன்று. 1977 இன் ஆட்சி மாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. ஒன்று உழைப்பற்ற கலை. மற்றொன்று கலையற்ற உழைப்பு.

இக்குறை கல்முனைக் கரையில் வேறொரு வடிவம் கொள்கின்றது. உயிருருவம் எழுதுதலை விரும்பாத குடும்பங்கள் இவ்வூர்களில் உண்டு. சித்திரம் என்றால் உருவமே எனக் கொள்ளும் வகுப்பில் அக்குடும்பத்துப் பிள்ளை ஒதுங்கி நிற்கின்றது. தனக்குக் கலையே இல்லை எனவும் எண்ணத் தலைப்படுகின்றது. இது பெரும் பிழை. பத்தாம் நூற்றாண்டில் நிசாப்பூர்க் குயவர் வெண்பூச்சிட்ட கலத்தின் விளிம்பிற் கூபி எழுத்தைக் கரிய நிறத்தில் எழுதி, அதனையே முழு அணியாக்கினர். பதினாறாம் நூற்றாண்டின் இஸ்னிக் ஓடுகள் இஸ்தான்புற் பள்ளிவாசற் சுவர்களைப் பூங்காவாக்கின. அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. மருதமுனைத் தறியின் கோட்டழகும், பன்பாய் பின்னும் பெண்டிரின் கட்டழகும் கணிதமறிந்த கலையே அன்றோ? அவற்றைத் தாளில் ஆராய்ந்து, மண்ணிற் பொறிக்கப் பயிற்றுதல் அரிதன்று.

திகிரியும் வேண்டுவதில்லை. மண்ணைக் கயிறுபோல் உருட்டி, வளையமாக அடுக்கிக் கலம் வனையலாம். பிசைதலிற் குறையிருப்பின் கலம் வெடிக்கும். முற்ற உலராது சூளையேறின் உள்ளீரம் ஆவியாகிக் கலத்தைப் பிளக்கும். ஏறத்தாழ 600 பாகைச் செல்சியசைக் கடந்த பின்னரே மண் நீரிற் கரையாத் தன்மை எய்தும். தாளிற் செய்த பிழையை ஆசிரியர் திருத்துவார்; மண்ணிற் செய்த பிழையை நெருப்பே எடுத்துரைக்கும். இரசாயனமும் பொறுமையும் ஒருங்கே கற்பிக்கும் பாடம் இதனிற் பிறிதில்லை.

சாந்திநிகேதனிற் பயின்ற தேவி பிரசாத், 1944 முதல் 1962 வரை சேவாகிராமத்தில் ஓவிய ஆசிரியராகவும் குயவராகவும் ஒருங்கே விளங்கினார். ஆசிரியரே மண் பிசையும் இடத்தில் அத்தொழிலுக்கு இழிவு எவ்வாறு சேரும்? பெற்றோர் ஐயத்துக்குத் தக்க விடை இதுவே.

நிந்தவூருக்கும் சாய்ந்தமருதுக்கும் இடைப்பட்ட காரைதீவிலே 1892 இற் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். யாழைப் பற்றி நூலெழுதியதோடு அமையாது, அளவு கண்டு அக்கருவிகளைச் செய்வித்து, 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றியவர் அவர். ஏடும் கருவியும் அவரிடத்துப் பிரிந்து நின்றில. அவர் பிறந்த கரையின் பாடசாலைகளிலும், இந்துவாயினும் முஸ்லிமாயினும், மாணவன் தூரிகை பிடித்த கையாலேயே மண்ணையும் பிசைவானாயின், சித்திர பாடம் புள்ளிக்குரிய பாடமாக மட்டும் நில்லாது, கல்வி என்னும் பெயர்க்கும் உரியதாகும்.