தடுமாறுவோரின் வழிகாட்டி: பலியும் அமாலேக்கும்

தமிழை அறபு எழுத்திலே எழுதிய மரபொன்று நமக்குண்டு. ஆனால் அறபு மொழியை எபிரேய எழுத்திலே எழுதிய யூதர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. யூதர் என்றதும் பலஸ்தீனமே நினைவில் எழும் நமக்கு அது இயல்புதான். ஆயினும் அவ்வாறு எழுதப்பட்ட 'தலாலத்துல் ஹாயிரீன்' என்ற நூலை நம் வாசகர்கள் ஒரு தடவையேனும் வாசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தடுமாறுவோருக்கான வழிகாட்டி என்பது அதன் பொருள்.

அதன் ஆசிரியர் மூஸா இப்னு மைமூன், 12ஆம் நூற்றாண்டில் குர்துபாவிற் பிறந்தவர். முவஹ்ஹிதீன்களின் ஆட்சியில் யூதர்களுக்கு நேர்ந்த நெருக்கடியால் குடும்பத்தோடு ஊரைப் பிரிந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் எகிப்தின் புஸ்தாத்தில் குடியேறி, ஸலாஹுத்தீன் ஐயூபியின் அமைச்சர் அல்காழி அல்பாழிலுக்கு மருத்துவரானார். 1204இல் மறைந்தார். தௌறாத்தையும் கைவிட முடியாமல், கற்ற தத்துவத்தையும் கைவிட முடியாமல் தவிப்பவனே அவருடைய வாசகன்.

நூலின் மூன்றாம் பாகம் தௌறாத்தின் கட்டளைகளுக்குக் காரணம் தேடுகிறது. அப்படித் தேடுவதே பிழை என்போருக்கு அவர் தரும் பதில் கூர்மையானது: மனிதன் நோக்கத்தோடு செயற்படுகிறான், இறைவன் நோக்கமின்றி ஏவுகிறான் என்றால் யார் உயர்ந்தவர்?

பிறகு மிருகப் பலிக்கு வருகிறார். பலியிட்டே வணங்கப் பழகிய மக்களிடம் அதை ஒரேயடியாக விடச் சொல்லியிருந்தால் ஏற்றிருக்கமாட்டார்கள். ஆகவே இறைவன் பலியை அனுமதித்து, சிலைகளிடமிருந்து தன் பக்கம் திருப்பினான் என்கிறார். இன்று ஒரு நபி வந்து தொழாதீர்கள், நோன்பு பிடிக்காதீர்கள், துன்பத்தில் என்னை அழைக்காதீர்கள், சிந்தித்தால் மட்டும் போதும் என்றால் நமக்கு எப்படியிருக்கும்? அவர் காட்டும் உவமை இதுவே. மனித மனத்தின் பழக்கத்தை இவ்வளவு பரிவோடு விளங்கிக்கொண்ட பகுதிகளை நான் அதிகம் வாசித்ததில்லை.

ஆனால் விளக்கத்திலேயே ஒரு வெடிப்பு விழுகிறது. காரணம் அந்தக் காலத்துக்குரியதாயின் கட்டளை மட்டும் எப்படி என்றைக்கும் உரியதாகும்? 13ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் நஹ்மனிதேஸ் வேறொரு முனையிலிருந்து தாக்கினார். பெருவெள்ளம் வடிந்து, சிலைவணங்கிகள் எவருமே எஞ்சியிராத உலகில் நூஹ் பலியிட்டாரே, அது யாரைத் திருத்துவதற்கு என்பது அவர் வாதம். போதாக்குறைக்கு, இப்னு மைமூன் தாமே முன்னர் எழுதிய 'மிஷ்னே தோறா' என்ற சட்டநூலில், ஆலயம் மீண்டும் எழும், பலிகளும் மீளும் என்று எழுதியிருக்கிறார்.

என்னை அதிகம் உறுத்தியது அமாலேக்கியரை அழிக்கச் சொல்லும் கட்டளை பற்றிய பகுதிதான். ஒரு தனிமனிதன் தண்டிக்கப்படுவதுபோல ஒரு குலம் தண்டிக்கப்படுகிறது, மற்றக் குலங்கள் அஞ்சுவதற்காக என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். வாளெடுத்தவனின் பாலகன் என்ன செய்தான் என்று ஒரு தந்தை கேட்கக்கூடிய கேள்வி அங்கே எழவேயில்லை. பலிக்கு விரிவாக இடம் தந்த பேனா இங்கே ஏன் அவசரப்படுகிறது?

வியப்பு என்னவென்றால், அந்தச் சட்டநூலில் அமாலேக்கியருக்கும் முதலில் சமாதான அழைப்பு விடுக்கவேண்டும் என்று அவரே விதிக்கிறார். அடிப்படைக் கட்டளைகளையும் வரியையும் அடிபணிதலையும் ஏற்றால் அவர்கள் உயிர் தப்பலாம். பலி விடயத்தில் தத்துவ நூல் நெகிழ, சட்டநூல் இறுகி நிற்கிறது. அமாலேக் விடயத்திலோ சட்டநூல் கதவைச் சற்றே திறந்து வைக்க, தத்துவ நூல் அதை மூடிவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும் மாணவன் எந்த ஆசிரியரிடம் போய்க் கேட்பான்? அந்த ஆசிரியர் ஒருவர்தானே.