பாதம் கழுவும் தலைவரிடம் கணக்குக் கேட்பது யார்?

புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள். அதன்படி ஆதீனத் தலைவர் கிறிஸ்துவின் இடத்தில் நிற்பவர். தம் பொறுப்பிலுள்ள ஒவ்வோர் ஆன்மாவுக்கும் கடவுளிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர். முக்கியமான காரியம் வந்தால் எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும்; இளையவருக்கே பலமுறை ஆண்டவர் நல்லதைக் காட்டுகிறார் என்கிறது மூன்றாம் அதிகாரம். சமையல்கட்டு வேலை வார முறையில் வரும். வாரத்தை முடிப்பவரும் தொடங்குபவரும் எல்லாருடைய பாதங்களையும் கழுவுவார்கள். விருந்தினரின் கைக்குத் தண்ணீர் ஊற்றுபவர் தலைவரேதான்.

பணிவை அவரவர் குணத்துக்கு விட்டுவிடாமல் அன்றாட வேலையில் கட்டிவைத்தார் பெனடிக்ட். முன்கோபக்காரத் தலைவரும் தண்ணீர்ச் செம்பை எடுத்துத்தான் ஆக வேண்டும். கடவுளை நடுவில் வைத்த தலைமைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே மூன்றாம் அதிகாரம் முடிவைத் தலைவர் கையிலேயே விட்டுவிடுகிறது; அவரோடு பிடிவாதமாக வாதாடக் கூடாது என்கிறது. தகாதவரைத் துறவிகள் தேர்ந்தெடுத்தால் ஆயரும் அக்கம்பக்கத்து ஆதீனத் தலைவர்களும் தடுக்கலாம் என்று 64-ஆம் அதிகாரம் ஒரு கதவைத் திறக்கிறது. அது தேர்தல் வேளைக்கான கதவு. பதவியில் அமர்ந்த பிறகு வழிதவறும் தலைவரைக் கடவுளின் நியாயத்தீர்ப்பை நினைவூட்டி எச்சரிக்கிறார் பெனடிக்ட். கடவுளுக்கு அஞ்சுகிறவருக்கு அந்த எச்சரிக்கை போதும். அஞ்சாதவரை யார் தட்டிக்கேட்பது?

ழான் வனியேயின் கதையில் இந்தக் கேள்வி வலியோடு திரும்ப எழுகிறது. 1964-இல் பிரான்சின் துரோலி-புரோய் கிராமத்தில், அறிவுத்திறன் குறைபாடுள்ள இருவரோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கியவர் அவர். அங்கே பிறந்த லார்ஷ் இயக்கம் பல நாடுகளில் பரவியது. சென்னையிலும் பெங்களூரிலும் ஆஷா நிகேதன் இல்லங்களாக வேரூன்றியது. ஒருவர் பாதத்தை மற்றவர் கழுவுவது லார்ஷ் வாழ்வின் உயிர்நாடியான வழிபாடு. வனியே 2019-இல் இறந்தார். மறு ஆண்டே, ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் ஆறு பெண்களைப் பாலியல்ரீதியாகச் சுரண்டினார் என்று லார்ஷ் நடத்திய விசாரணை வெளிப்படுத்தியது. 2023 அறிக்கையில் அந்த எண்ணிக்கை குறைந்தது 25. அவருடைய குருவான டொமினிக்கத் துறவி தொமா ஃபிலிப்பை 1956-இலேயே திருச்சபை தண்டித்திருந்தது. இருந்தும் அத்தனை ஆண்டுகள் வனியேயை எவரும் தடுக்கவில்லை. எளிமையாக வாழ்ந்தவர் என்பதே அவரைச் சந்தேகிக்க முடியாதவராக்கியது என்று நினைக்கிறேன். அதிகாரத் தோரணையோடு நடப்பவரை மக்கள் கவனமாகவே பார்ப்பார்கள். பாதம் கழுவ முழந்தாளிட்டவர்மீது புகார் சொல்ல ஒரு பெண் வந்தாலோ, முதலில் அவளையேதான் சந்தேகிப்பார்கள்.

நம் சபைகளிலும் ‘அபிஷேகம் பெற்ற ஊழியரைக் குறை சொல்லாதே’ என்ற பேச்சு சாதாரணமாகப் புழங்குகிறது. பாதிக்கப்பட்டவர் வாயைத்தான் அது கட்டுகிறது. அதற்காகத் தேர்தலும் கமிட்டியும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று சொல்ல வரவில்லை. அவையெல்லாம் இருந்தும் நீதிமன்றப் படியேறும் திருமண்டலங்களைப் பார்க்கிறோம். தெய்வபயம் இல்லாத இடத்தில் சட்டவிதியும் பதவிச் சண்டைக்கே ஆயுதமாகிறது.

பெனடிக்டைக் குருவாகக் கொண்ட சிஸ்தெர்சியத் துறவிகள் அவருடைய ஒழுங்குநூலில் இருந்த ஓட்டையைக் கண்டுகொண்டார்கள். 1119-இல் திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துஸ் ஒப்புதல் அளித்த அவர்களுடைய அன்பின் சாசனப்படி, தாய்மடத்தின் தலைவர் ஆண்டுதோறும் மகள்மடத்துக்குப் போய் விசாரிக்க வேண்டும்; எல்லா மடங்களின் தலைவர்களும் ஆண்டுக்கொருமுறை முதல் மடமான சித்தோவில் கூடி, தவறியவரைத் திருத்த வேண்டும். சித்தோவையே மகள்மடத் தலைவர்கள் வந்து பார்வையிடும் முறையும் பின்னர் ஏற்பட்டது. ஜெபத்தையும் கீழ்ப்படிதலையும் அவர்கள் கைவிடவில்லை. தலைவரைக் கேள்வி கேட்பதையும் பக்தியின் பகுதியாக்கினார்கள். லார்ஷ் தன் நிறுவனரையே விசாரித்து முடிவை உலகறியச் சொன்னதும் இந்த வழியில்தான். தலைவர் நியமிக்காத ஒருவரிடம் புகார் சொல்லும் வழி, வெளியார் பார்க்கும் கணக்கு, முடிவுநாள் குறித்த பதவிக்காலம் ஆகிய மூன்றையும் எந்த ஊழியமும் அடுத்த ஆண்டுக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.