பைத்தானின் மூன்று சல்லடைகள்

ஆனைமலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் கொப்பரையை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துத்தான் ஏலம் விடுகிறார்கள். அரசு ஆதரவு விலையில் கொள்முதல் செய்வதென்றால், அரவைக் கொப்பரையின் ஈரப்பதம் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொள்ளாச்சிப் பக்கத்தில் பைத்தான் நிரல்மொழி பழகத் தொடங்கும் மாணவருக்கு இதைவிட நல்ல முதல் பயிற்சி கிடைக்காது. ஈரப்பத எண்களின் பட்டியலை வாங்கி, தேறியவற்றை மட்டும் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் எழுத வேண்டும், அவ்வளவுதான். இதற்கு ஃபார் லூப், லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன், ஃபில்டர் என மூன்று கருவிகள் பைத்தானில் உண்டு. மூன்றையும் ஓட்டிப் பார்த்தால், புதியவர் முதலில் கைக்கொள்ள வேண்டியது ஃபார் லூப்தான் என்பது என் தீர்மானம்.

ஐந்து மூட்டைகளின் ஈரப்பதம் 8, 9, 5, 7, 6 என்று வைத்துக்கொள்வோம். புதியவர்கள் பலரும் லூப் ஓடும்போதே, 6-ஐத் தாண்டியதை அதே பட்டியலிலிருந்து ரிமூவ் கொடுத்து நீக்கப் பார்ப்பார்கள். விடை 9, 5, 6 என்று வரும். இருப்பதிலேயே ஈரமான மூட்டை தேறிவிட்டது! 8 நீங்கியதும் 9 முதல் இடத்துக்கு நகர்கிறது. லூப்போ அதற்குள் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. 9 சோதிக்கப்படவே இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராததால் தவறு வெளியே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. வெற்றுப் பட்டியல் ஒன்றைத் தொடங்கி, தேறியதை அதில் அப்பெண்ட் செய்து, முடிவில் ரிட்டர்ன் செய்தால் இந்தச் சிக்கல் எழாது. மூலப் பட்டியலும் அப்படியே இருக்கும். நிபந்தனையில் ‘6-க்குக் குறைவு’ என்று மட்டும் எழுதினால் சரியாக 6 உள்ள மூட்டை தள்ளுபடியாகிவிடும். ‘குறைவு அல்லது சமம்’ என்று எழுத வேண்டும்.

ஒரே வரியில் முடிவதை ஏன் நாலைந்து வரிக்கு இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். 2000-ல் பைத்தான் 2.0-வுடன் வந்த லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் அழகானதுதான், பழகியவருக்கு அதுவே போதும். ஆனால் எந்த மூட்டை எதனால் தள்ளப்பட்டது என்று பார்க்க, லூப்பின் நடுவே ஒரு பிரிண்ட் வைக்கலாம். ஒற்றை வரிக்குள் அதற்கு வசதியான இடமில்லை. கற்பவருக்கு அந்தப் பார்வைதான் முக்கியம். ஃபில்டர் இன்னும் குழப்பும். பைத்தான் 3-ல் அது பட்டியலைத் தருவதில்லை. அது தருவதை லூப்பில் ஒருமுறை சுற்றி முடித்தபின் மறுபடி சுற்றினால் ஒன்றுமே மிஞ்சாது. மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசமே 2005-ல் ஃபில்டரை நீக்கிவிட விரும்பினார்.

ஆங்கிலம் தடை அல்லவா என்ற கேள்வி நியாயமானது. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி அதற்கு ஒரு முழுமையான பதில். பைத்தானுக்குள்ளேயும் வழியுண்டு: 2008-ல் வந்த பைத்தான் 3 முதல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். இந்த ஃபங்ஷனில் டெஃப், ஃபார், இன், இஃப், அப்பெண்ட், ரிட்டர்ன் ஆகிய ஆறு சொற்கள் மட்டுமே ஆங்கிலம். ஈரப்பதங்கள், மூட்டை, காய்ந்தவை என மற்றதெல்லாம் கொப்பரைக் களத்தில் புழங்கும் சொற்களாகவே இருக்கலாம்.